ஏரியில் மீன் பிடிக்கச் சின்னப் படகு வாங்கப் போகிறீர்களா? கரையிலிருந்து கணக்குப் போடுங்கள்

நான் முதன்முதலாக வாங்கிய படகு பதினான்கு அடி நீளம். அலுமினியம், வி வடிவ அடிப்பாகம், மூன்று பலகை இருக்கை, பின்னால் பெட்ரோல் மோட்டார். பார்த்தவுடனே மனசு போய்விட்டது, வாங்கிவிட்டேன். இரண்டு வருடத்தில் அது தண்ணீரைப் பார்த்தது மொத்தம் ஆறு தடவை. படகில் ஒரு குறையும் கிடையாது. அதை டிரெய்லரில் ஏற்றிக் கட்டி ஏரிக்கரையில் இறக்க இன்னொரு ஆள் வேண்டும், எனக்கு லீவு கிடைக்கிற அன்று அந்த ஆளுக்கு லீவு கிடைக்காது, அவ்வளவுதான் விஷயம். அதை விற்றுவிட்டுத் தனியாகவே இழுத்துப் போக முடிகிற பத்தடித் தட்டைப் படகு ஒன்றை எடுத்தேன். அடுத்த வருடம் லீவு நாளில் என்னை வீட்டில் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

அதனால்தான் இதைப் படகு வகைகளிலிருந்து தொடங்கவில்லை. கடையில் நின்று படகைப் பார்த்தால் எல்லாப் படகும் நல்ல படகுதான். உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கி ஏரி, காற்று, கூட வரும் ஆள், சாமான் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தால், கடைசியில் இரண்டு மூன்று படகுதான் மிஞ்சும். அதில் ஒன்றை எடுப்பது பெரிய வேலை இல்லை.

படி 1: படகு தண்ணீர் வரை எப்படிப் போகும்?

மூன்று வழிதான். காரின் கூரை மேல், டிரெய்லரில், அல்லது காற்றடிக்கும் படகாக இருந்தால் பையில் சுருட்டி டிக்கியில்.

கூரை என்றால் முதலில் கார் கையேட்டை எடுத்துப் பாருங்கள். கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் போட்டிருக்கும். பல கார்களில் அது 50 முதல் 100 கிலோவுக்குள். மேலே பொருத்தும் கம்பிகளின் எடையும் அந்தக் கணக்கில் சேரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மீன்பிடி கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு) ஒன்று பெரும்பாலும் 30 முதல் 45 கிலோ இருக்கும், பெடல் வைத்தது என்றால் 50ஐத் தாண்டும். பத்தடி அலுமினியத் தட்டைப் படகு 45 முதல் 50 கிலோ. பன்னிரண்டு அடிக்குப் போனால் 55 முதல் 70. பதினான்கு அடி வி வடிவப் படகு, மோட்டார், எரிபொருள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவை நெருங்கிவிடும். அப்போது உங்கள் வண்டி அதை இழுக்குமா, இழுவைக் கொக்கி இருக்கிறதா, ஏரிக்கரையில் டிரெய்லரைப் பின்னால் விட்டு இறக்கச் சரிவுத்தளம் இருக்கிறதா என்று மூன்று கேள்வி கூடவே வரும். சரிவுத்தளம் இல்லாமல் வெறும் சேற்றுக்கரை என்றால் டிரெய்லர் படகை மறந்துவிடுங்கள். சக்கரம் புதைந்தால் அன்றைக்கு மீன்பிடிப்பு அதோடு முடிந்தது.

இன்னொன்று. தூக்கிப் பார்க்கும்போது காலையில் தூக்கிப் பார்க்காதீர்கள். ஆறு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து, கையெல்லாம் வலித்து, படகுக்குள் கொஞ்சம் தண்ணீரும் சேறும் சேர்ந்திருக்கும் நேரத்தில் அதே படகைக் கூரைக்கு ஏற்ற வேண்டும். காலையில் தனியாக மூச்சு வாங்காமல் தூக்க முடியவில்லை என்றால் சாயங்காலம் நிச்சயம் முடியாது. அடியில் மாட்டுகிற இரண்டு சக்கர வண்டி ஒன்று இருந்தால் கரை வரை இழுத்துப் போகலாம், அது நல்ல முதலீடு. ஆனால் கூரை மேல் அது ஏற்றித் தராது.

வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். பிளாஸ்டிக்கும் ரப்பர் படகும் வெயிலில் கிடந்தால் ஆயுள் குறையும். நிழலில் வைக்கும் நீளம் பத்தடிதான் என்றால், பன்னிரண்டு அடிப் படகைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 2: ஏரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்

ஏரி சின்னது, அலை இருக்காது என்று நினைப்பதுதான் வழக்கமான தப்பு. அலையின் உயரத்தைத் தீர்மானிப்பது காற்றின் வேகம், அது எத்தனை நேரம் அடிக்கிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் ஓடி வருகிறது என்ற மூன்றும். வட்டமான ஏரியில் எந்தத் திசைக் காற்றானாலும் தூரம் ஒன்றுதான். நீளவாக்கில் கிடக்கும் ஏரியில் காற்று நீளத்தோடு சேர்ந்து அடித்தால் ஒரு முனையில் கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், மறுமுனையில் படகுக்குள் தெறிக்கும். ஆழம் குறைந்த ஏரி இன்னும் மோசம். அங்கே அலை பெரிதாக இருக்காது, ஆனால் நெருக்கமாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதும். உயரம் குறைந்த படகுக்கு இந்தக் குட்டி அலைதான் எமன்.

அதனால் படகு வாங்குவதற்கு முன் ஒருநாள் மதியம் போய்ப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் காலையில் அமைதி, வெயில் ஏற ஏறக் காற்று. நீங்கள் திரும்பி வரும் நேரத்து ஏரி எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

போகும்போது இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். கரையோரம் நாணலும் அல்லியும் அடர்ந்திருந்தால் புரொப்பல்லர் சிக்கும், துடுப்பு அல்லது தள்ளுகோல்தான் வழி. மூழ்கிய மரக்கட்டைகள் இருந்தால் காற்றடிக்கும் படகு யோசிக்க வேண்டிய விஷயம். குடிநீர்த் தேக்கங்கள் பலவற்றில் பெட்ரோல் மோட்டாருக்கு அனுமதி இல்லை, சிலவற்றில் படகுக்கே இல்லை. படகைப் பதிவு செய்ய வேண்டுமா, மீன்பிடி உரிமம் வேண்டுமா என்று அந்த ஏரியை நிர்வகிக்கும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பிய விதிப்படி தயாரான படகுகளில் ஏ, பி, சி, டி என்று ஒரு வகை எழுத்து இருக்கும். டி என்றால் ஒதுக்கமான நீர்நிலைக்கு, அதாவது காற்றின் பலத்தை 0 முதல் 12 வரை எண்ணால் சொல்லும் பொஃபோர்ட் அளவில் 4 வரையான காற்று, சுமார் 0.3 மீட்டர் வழக்கமான அலை, எப்போதாவது 0.5 மீட்டர். சி என்றால் காற்று 6 வரை, அலை 2 மீட்டர் வரை. சின்ன ஏரிக்கு டி போதும், கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் பெரிய நீர்ப்பரப்பு என்றால் சி பாருங்கள்.

படி 3: யார் வருவார்கள், என்ன ஏறும்

இருபது அடிக்குக் குறைந்த படகுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு எளிய கணக்கு சொல்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால் ஆள் எண்ணிக்கை. பன்னிரண்டு அடி நீளம், நாலரை அடி அகலம் என்றால் 54, அதை 15ஆல் வகுத்தால் 3.6, அதாவது மூன்று பேர். இது அமைதியான நாளில் உட்கார்ந்து போவதற்கான எண்ணிக்கை. தூண்டில் வீசக் கை ஓங்குவதற்கு இடம் வேண்டும், வீசும் கொக்கி பின்னால் இருப்பவர் காதில் மாட்டக் கூடாது. என் கணக்கு: வருகிற விடையிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுங்கள். மூவர் படகு இருவருக்கு மீன் பிடிக்க.

ஆளை எண்ணினால் போதாது, எடையைக் கூட்டுங்கள். காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு பேர் 150 கிலோ. ஈய அமில பேட்டரி 28. மின் மோட்டார் 11. நங்கூரமும் கயிறும் 7. ஐஸ் போட்ட பெட்டி 15. தூண்டில் சாமான், சாப்பாடு, தண்ணீர் 10. ஆக 221 கிலோ, இன்னும் மீனே பிடிக்கவில்லை. படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் அதிகபட்சச் சுமை எழுதியிருக்கும். உங்கள் கூட்டல் அதில் முக்கால் பங்குக்குள் இருந்தால் நிம்மதி. கயாக் வாங்குகிறவர்கள் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சுமை ஏற ஏற அது தண்ணீரில் தாழ்ந்து, உட்காருமிடமே நனைய ஆரம்பிக்கும்.

அடுத்தது ஆட்டம். படகு பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் பலம் நீளத்தோடு நேராகக் கூடுகிறது, அகலத்தோடு மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. அதே சுமையில் நீளத்தை 20 சதவீதம் கூட்டினால் அந்தப் பலம் 20 சதவீதம் கூடும். அகலத்தை 20 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 73 சதவீதம் கூடும். ஒரு அடி நீளம் அதிகம் வேண்டுமா, ஒரு சாண் அகலம் அதிகம் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அகலத்தைச் சொல்லுங்கள். ஜான் போட் எனப்படும் தட்டைப் படகுகளில் 1232, 1236, 1436 என்று எண் போட்டிருப்பார்கள். முதல் இரண்டு இலக்கம் நீளம் அடியில், அடுத்த இரண்டு அடித்தளத்தின் அகலம் அங்குலத்தில். 1232க்கும் 1236க்கும் நாலே அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் ஏறி நின்றால் வேறு படகு மாதிரி இருக்கும்.

நின்றுகொண்டு வீசப் போகிறீர்களா, உட்கார்ந்தா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். எழுந்து நின்றால் உங்கள் எடையின் மையம் மேலே போய்விடுகிறது. உயரமான சுழல் நாற்காலி பொருத்துவதும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும். தட்டை அடிப்பாகம் ஏறியவுடன் அசையாமல் உறுதியாகத் தெரியும், ஆனால் ஒரு எல்லையைத் தாண்டிச் சாய்ந்தால் சட்டென்று கவிழும். வளைந்த அடிப்பாகம் ஏறியவுடனே ஆடும், பயமாக இருக்கும், ஆனால் சாயச் சாய எதிர்த்து நிற்கும். அமைதியான தண்ணீரில் நின்று வீசுகிறவருக்கு முதலாவது, அலையில் உட்கார்ந்து போகிறவருக்கு இரண்டாவது.

படி 4: இப்போது வடிவத்துக்கு வருவோம்

ஜான் போட். தட்டை அடி, நேரான பக்கம், மூக்கு வெட்டியது மாதிரி சதுரமான முன்பக்கம். சின்ன ஏரிக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் கட்சி. ஒரு சாண் தண்ணீர் இருந்தால் மிதக்கும், நிற்கலாம், சாமான் வைக்கலாம், சின்ன மோட்டாரே போதும், உடைகிற பொருளே அதில் கிடையாது. குறை என்னவென்றால் எதிர் அலையில் அடிப்பாகம் தட்டுத் தட்டென்று மோதும், முதுகெலும்பு எண்ணிக்கை தெரிந்துவிடும். காற்றுக்கு லேசாகச் சறுக்கிக்கொண்டும் போகும்.

வி வடிவம். முன்பக்கம் கூராக இறங்கி அலையைப் பிளந்து போகும். பின்பக்கத்தில் அந்தக் கோணம் 20 பாகைக்கு மேல் இருந்தால் ஆழமான வி, அது பெரிய நீர்ப்பரப்புக்கு. 10 முதல் 15 பாகை வரை இருக்கும் செமி வி ஏரிக்குப் போதும். ஓடும்போது சுகம், நிற்கும்போது ஜான் போட்டைவிட ஆடும், அதே நீளத்துக்கு எடை கூட, கொஞ்சம் ஆழத் தண்ணீர் கேட்கும். ஏரி பெரிதாகவும் மதியக் காற்று பலமாகவும் இருந்தால் இந்தச் சங்கடங்களைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கயாக். தனியாகப் போகிறவருக்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. மேலே உட்காரும் வகையை எடுங்கள், உள்ளே கால் நுழைக்கும் வகை வேண்டாம். மேலே உட்காரும் வகையில் தண்ணீர் ஏறினால் அடித்துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு மறுபடி ஏறலாம். பத்து முதல் பன்னிரண்டு அடி நீளம், 80 முதல் 95 சென்டிமீட்டர் அகலம் மீன்பிடிக்கு ஏற்றது. நீளம் கூடினால் நேராகப் போகும், குறைந்தால் சட்டென்று திரும்பும். இருக்கையை மட்டும் கஞ்சத்தனம் இல்லாமல் பாருங்கள், சட்டகம் போட்டுத் துணி இழுத்த நாற்காலி மாதிரி இருக்க வேண்டும். வெறும் நுரைத் திண்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவருக்குத் தெரியும் நான் ஏன் சொல்கிறேன் என்று. பெடல் வகை விலை அதிகம், எடை அதிகம், ஆனால் இரண்டு கையும் தூண்டிலுக்குக் கிடைக்கும். காற்றில் நின்ற இடத்தில் நிற்க அதுபோல் உதவுவது வேறில்லை.

காற்றடிக்கும் படகு அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு ஒரே வழி என்றுகூடச் சொல்லலாம். குறைந்தது மூன்று தனித்தனி அறை இருப்பதைப் பாருங்கள், ஒன்று போனாலும் மற்றது தாங்கும். தூண்டில் கொக்கி குத்திவிடுமே என்று பயப்படுகிறவர்கள் அதிகம். கனமான துணி வைத்த நல்ல பி.வி.சி. அவ்வளவு எளிதில் ஓட்டையாகாது, ஆனாலும் ஒட்டும் பொருட்கள் அடங்கிய பெட்டி கையில் இருக்க வேண்டும். உண்மையான எதிரி காற்றும் வெயிலும். பலூன் மாதிரி அடித்துக்கொண்டு போகும். வெயிலில் கரையில் விட்டால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தையல் தெறிக்கும், கொஞ்சம் காற்றை இறக்கி வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் இறக்கியதும் தளர்ந்துவிடும், அப்போது மறுபடி அடிக்க வேண்டும்.

கனோ, அதாவது மேலே திறந்த நீளமான துடுப்புப் படகு, தூக்க லேசு, துடுப்புப் போட அழகு. ஆனால் நின்று வீசினால் சாகசம், தனி ஆளாகக் காற்றில் சிக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு சொன்ன திசைக்குப் போகாது. ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் வாங்கட்டும்.

படி 5: எதில் செய்தது

அலுமினியம் அடி வாங்கினால் நெளியும், உடையாது. ரிவெட் அடித்தது விலை குறைவு, வருடக்கணக்கில் அதிர்ந்து ரிவெட் தளர்ந்து கசியும், அதைத் திரும்ப இறுக்கலாம். வெல்டிங் செய்தது கசிவது குறைவு, ஆனால் வெல்டிங் விரிந்தால் அலுமினியம் வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும், கிடைப்பது கஷ்டம். தகட்டின் தடிமனைக் கேளுங்கள். சின்னப் படகில் ஒன்றேகால் மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் வரை வரும். கல்லும் கட்டையும் உள்ள ஏரிக்கு தடித்ததை எடுங்கள், எடை ஏறுவதைப் படி 1ல் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தின் பெரிய குறை சத்தம். ஒரு ஈயக்குண்டு தவறி விழுந்தால் போதும். தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் பயணம் செய்கிறது, மீனுக்குப் பக்கவாட்டில் அதிர்வை உணரும் உறுப்பே இருக்கிறது. அடியில் ஈ.வி.ஏ. நுரைப்பாய் ஒட்டிவிடுங்கள். வீட்டுக் கம்பளம் போடாதீர்கள், தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாறும்.

ஒரு எச்சரிக்கை: அலுமினியப் படகுக்குள் தளம் போட, கரையான் அரிக்காத பதப்படுத்திய மரம் என்று வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பதப்படுத்தலில் தாமிரம் இருந்தால், ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தைத் தின்றுவிடும். சாதாரண மரைன் பிளைவுட்டை எபாக்ஸி பூசிப் போடுங்கள்.

ஃபைபர் கிளாஸ் அமைதி, வழவழப்பு, எடை அதிகம், கல்லில் இழுத்தால் மேற்பூச்சு போகும். ஆனால் பழுது பார்ப்பது வீட்டிலேயே கற்றுக்கொள்ளக்கூடியது. கயாக்குகளில் வரும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் எவ்வளவு அடித்தாலும் தாங்கும், ஆனால் விரிசல் விழுந்தால் பசை எதுவும் பிடிக்காது. அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி ஒட்ட வேண்டும். கூரையில் கட்டும்போது வெயிலில் பட்டையை அளவுக்கு மேல் இறுக்கினால் பள்ளம் விழும்.

படி 6: எதால் நகர்த்துவது

துடுப்பு எந்தப் படகிலும் கட்டாயம், மோட்டார் இருந்தாலும். துடுப்பு மாட்டும் வளையங்களுக்கு இடையே நாலடி என்றால் ஏறக்குறைய ஏழரை அடித் துடுப்பு சரியாக வரும். குட்டைத் துடுப்பைப் போட்டுக்கொண்டு படகைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மின் மோட்டாரின் பலத்தைப் பவுண்டு உந்துவிசையில் சொல்வார்கள். படகும் சுமையும் சேர்ந்து ஒவ்வொரு 100 பவுண்டு எடைக்கும் 2 பவுண்டு என்பது பழைய கணக்கு. நம் உதாரணத்தில் 221 கிலோ சுமை, 60 கிலோ படகு, மொத்தம் 281 கிலோ, அதாவது 620 பவுண்டு. கணக்குப்படி 12 அல்லது 13 பவுண்டு போதும். ஆனால் அது காற்றே இல்லாத நாளுக்கு. காற்றை எதிர்த்து வீடு திரும்ப வேண்டும் என்றால் இரண்டு, மூன்று மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 30 முதல் 40. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றில் ஓடுவது 55 வரை. அதற்கு மேல் போனால் 24 வோல்ட், இரண்டு பேட்டரி, இன்னும் எடை.

பெரிய மின் மோட்டார் போட்டால் பறக்கலாம் என்று கற்பனை வேண்டாம். தண்ணீரை இடித்துக்கொண்டு ஓடும் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை வைக்கிறது. தண்ணீரில் படும் நீளம் 11 அடி என்றால் அது மணிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல். எவ்வளவு பவுண்டு போட்டாலும் இந்த மோட்டார்கள் அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கும். அதிகப் பலம் காற்றில் நிற்க உதவும், வேகத்துக்கு இல்லை.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்க வேண்டும், அதற்குமேல் வற்றவிட்டால் ஆயுள் போகும். 55 பவுண்டு மோட்டார் முழுவேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். ஆக முழுவேகத்தில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மெதுவாக ஓட்டினால் நாலைந்து மணி நேரம் வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதத்துக்கும் மேல் எடுக்கலாம், எடையும் 12 கிலோ அளவில்தான், ஈயத்தில் பாதிகூட இல்லை. விலை கூடத்தான். ஆனால் தனியாகத் தூக்கும் படகில் அந்த 16 கிலோ வித்தியாசம் பெரிய விஷயம். எது வாங்கினாலும் இடையில் சர்க்யூட் பிரேக்கர் போடாமல் ஓட்டாதீர்கள். கொடிகள் சிக்கி மோட்டார் நின்றால் ஒயர் உருகும்.

பெட்ரோல் மோட்டார் ஏரி பெரிதாக இருந்தால் மட்டும். இரண்டரை குதிரைத்திறன் 17, 18 கிலோ. ஆறு குதிரைத்திறன் 25 கிலோவைத் தாண்டும். தண்டு நீளம் 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு உண்டு. படகின் பின்பலகை உயரத்தை மேலிருந்து அடி வரை அளந்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டை தகடு படகின் அடிமட்டத்தோடு ஒட்டி அல்லது ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும். படகில் ஒட்டியிருக்கும் சுமைத் தகட்டில் எழுதிய குதிரைத்திறனுக்கு மேல் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஓட்டும்போது, இழுத்தால் மோட்டாரை நிறுத்திவிடும் கயிற்றின் மறுமுனை உங்கள் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். நீங்கள் தண்ணீரில் விழுந்து படகு வட்டமடித்துத் திரும்பி வந்தால் அதன் முன்னால் மாட்டுவது நீங்கள்தான்.

படி 7: பழைய படகு என்றால் இதையெல்லாம் தட்டிப் பாருங்கள்

சின்னப் படகு பழையதாக வாங்குவதில் தப்பே இல்லை, நான் வைத்திருப்பதும் பழையதுதான். ஒரு சுத்தியலின் பிடியை எடுத்துக்கொண்டு பின்பலகையைத் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று பேசும், அழுகியது மந்தமாக முனகும். மோட்டாரை மேல்முனையில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், பலகை கூடவே நெளிந்தால் விலையைப் பேசவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

ரிவெட் அடித்ததா? விற்பவர் சம்மதத்தோடு படகுக்குள் ரிவெட் வரிசை மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி அடியில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். நிறைய ஊற்றாதீர்கள், ஒரு லிட்டர் ஒரு கிலோ, டிரெய்லர் தாங்க வேண்டும். ஒன்றிரண்டு சொட்டு பரவாயில்லை, விலையைக் குறைக்கக் காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கைக்கு அடியில் இருக்கும் மிதவை நுரைதான் பலர் பார்க்காமல் விடுவது. படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் வைத்திருப்பது அதுதான். பழைய நுரை வருடக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போகும், அப்புறம் அது மிதவை இல்லை, மூட்டை. முடிந்தால் படகை எடை போட்டு, அந்த மாடலின் எடையோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் இருக்கையின் பக்கத்தில் ஒரு சின்ன மூடியைத் திறந்து விரலால் அழுத்திப் பாருங்கள்.

டிரெய்லரோடு வந்தால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள், கரகரவென்றால் பேரிங் போயிருக்கிறது. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. பட்டன் தேயாமலே வயதாகிவிடுவது டிரெய்லர் டயரின் குணம். படகின் பின்பக்கத்தில், முன்னோக்கிப் பார்த்தால் வலதுபுறம், பொறித்த எண் இருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால், காகிதத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், என்ன மலிவு விலை என்றாலும் வாங்காதீர்கள்.

படி 8: படகோடு சேர்த்து வாங்க வேண்டியது

லைஃப் ஜாக்கெட்டை படகு விலையின் ஒரு பகுதியாகவே எழுதிக்கொள்ளுங்கள். அதன் மிதக்க வைக்கும் விசை நியூட்டனில் எழுதியிருக்கும். 50 நியூட்டன் என்று போட்டது நீந்தத் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில். 100 அல்லது அதற்கு மேல் போட்டது முகத்தை மேலே திருப்பி வைக்கும்படி செய்தது. நீச்சல் தெரியாதவருக்கு இரண்டாவதுதான். அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருடாவருடம் வெளியிடும் கணக்கில், படகு விபத்தில் இறந்தவர்களில் சுமார் நாலில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள், அவர்களில் ஐந்தில் நாலு பேருக்கும் மேல் ஜாக்கெட் போடாதவர்கள். இருக்கைக்கு அடியில் மடித்து வைத்த ஜாக்கெட் இந்தக் கணக்கில் போடாததாகத்தான் சேரும். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழ் இருந்தால் விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சே உங்கள் வசம் இருக்காது, பத்து நிமிடத்தில் கை விரல் சொன்னபடி கேட்காது. அப்போது மாட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம்.

நங்கூரம் சேற்றுக்குக் காளான் வடிவம், கல்லுக்குக் கொக்கி வடிவம். கயிறு ஆழத்தைப்போல் நாலைந்து மடங்காவது வேண்டும். அதை எப்போதும் முன்பக்கத்திலிருந்து போடுங்கள். பின்பக்கத்தில் மட்டும் கட்டினால், மோட்டாரும் பேட்டரியும் அழுத்திக்கொண்டிருக்கும் தாழ்ந்த பக்கத்தில் அலை நேராக உள்ளே ஏறும், சின்னப் படகுகள் மூழ்குவதற்கு இது நல்ல பழைய வழி. அப்புறம் தண்ணீர் இறைக்க ஒரு மக், விசில், தண்ணீர் புகாத உறையில் போன், தூண்டில் நரம்பு அறுக்கக் கத்தி. மீன் கண்டுபிடிக்கும் கருவி, கோப்பை வைக்கும் வளையம், விளக்கு எல்லாம் மூன்று மாதம் கழித்து வாங்கலாம். எது தேவை என்று அதற்குள் படகே சொல்லிவிடும்.

படி 9: வாங்குவதற்கு முன்னும் வாங்கிய அன்றும்

முடிந்தால் அதே மாதிரிப் படகை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தோ, யாரிடமாவது கேட்டோ ஓட்டிப் பாருங்கள். கரையோரம் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்து, முன்பக்கத்துக்கு நடந்துபோய், எழுந்து நின்று வீசிப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்பது விலைப்பட்டியலில் இருக்காது.

வாங்கிய பிறகு முதல் தடவை தூண்டிலையே எடுத்துப் போகாதீர்கள். இடுப்பளவு தண்ணீர் இருக்கும் இடத்தில், ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே விழுந்து திரும்ப ஏறிப் பாருங்கள். கயாக் என்றால் கவிழ்த்துப் புரட்டுங்கள். ஜான் போட் என்றால் பின்பக்கமாக ஏறுவது எளிது, ஒரு கயிற்று வளையம் கால் வைக்கத் தொங்கவிட்டால் இன்னும் எளிது. இது என் வயதுக்கு முடியவில்லை என்று அங்கேயே தெரிந்தால், ஏணி வைத்துக்கொள்ளலாம், அல்லது துணையில்லாமல் போகக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளலாம். நடு ஏரியில் தெரிய வேண்டிய செய்தி இல்லை அது.

இறக்குவதற்கு முன் பின்பக்கத்தில் தண்ணீர் வடியும் துளைக்கு அடைப்பான் போட்டாயிற்றா என்று பாருங்கள். எல்லோரும் ஒரு தடவை மறப்பார்கள், நானும் மறந்திருக்கிறேன், கணுக்கால் நனைந்த பிறகுதான் தெரிந்தது. இப்போது அதைக் கார் சாவியோடு கோர்த்து வைத்திருக்கிறேன். வீடு திரும்பும்போது அதையே கழற்றித் தண்ணீரை முழுக்க வடித்து, ஒட்டியிருக்கும் கொடி, சேறு எல்லாம் துடைத்து, படகைக் காயவிட்டுத்தான் அடுத்த ஏரிக்கு எடுத்துப் போக வேண்டும். காஸ்பியன், கருங்கடல் பக்கத்துச் சிப்பியான ஜீப்ரா மசல் 1988இல் வட அமெரிக்கப் பேரேரிகளில் தென்பட்டது, கப்பல்கள் கொண்டுவந்தது. அங்கிருந்து உள்நாட்டு ஏரிகளுக்கு அதைச் சுமந்துபோனதில் நம்முடையது மாதிரிச் சின்னப் படகுகளுக்கும் டிரெய்லர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.